பைக் நேரே போக மாட்டேன் என்கிறதா? கேள்வி–பதில்

கேள்வி: செயின் டைட் வைத்த மறுநாளிலிருந்து வண்டி வலது பக்கம் இழுக்கிறது. ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இரண்டு பக்க அளவுக் கோடும் சரியாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக்.

பதில்: பின்சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுசாக நம்ப முடியாது. நூல் பிடித்தால்தான் தெரியும். நீளமான நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில் இரு முனைகளையும் முன் டயரைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு பக்க நூலும் பின் டயரின் பின் விளிம்பையும் முன் விளிம்பையும் ஒருசேர லேசாகத் தொட வேண்டும். மெயின் ஸ்டாண்டின் காலில் நூல் தட்டினால் அளவு தப்பு. ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஒருவரை வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முன் டயர் சற்று ஒல்லி என்பதால் இரு பக்கமும் இடைவெளி இருக்கும். அது சமமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் 10 மி.மீ., இடப்பக்கம் 3 மி.மீ. என்று வந்தால், பின்சக்கரம் வலப்பக்கம் பார்த்து நிற்கிறது என்று பொருள். இடைவெளி கூடுதலாக உள்ள பக்கத்து ஆக்ஸில் (சக்கர அச்சு) முனையை முன்னே தள்ளுங்கள், அல்லது மறுமுனையைப் பின்னே இழுங்கள். நட்டை முறுக்கும்போதே சக்கரம் நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகும் ஒருமுறை நூல் பிடியுங்கள். செயின் தொய்வையும் மறுபடி அளந்துவிடுங்கள்.

கேள்வி: மெதுவாகப் போகும்போது சறுக்கி விழுந்தேன். இப்போது நேரே போக ஹேண்டிலைச் சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சேசிஸ் வளைந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. போர்க் பைப்புகள் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். முன் ஆக்ஸில், மட்கார்டு போல்ட், கீழ் கிளாம்ப் போல்ட் ஆகியவற்றைத் தளர்த்துங்கள். மேல் கிளாம்பையும் சேர்த்து முழுக்கத் தளர்த்தினால் பைப் வழுக்கி இறங்கிவிடும், ஜாக்கிரதை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பினால் நேராகிவிடும். நான்கைந்து முறை போர்க்கை அமுக்கி விட்டு, முதலில் கிளாம்ப், கடைசியில் ஆக்ஸில் என்ற வரிசையில் இறுக்குங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் பைப்பைக் கழற்றி வளைவு பார்க்க வேண்டும். சேசிஸ் சந்தேகம் அதற்கும் அப்புறம்தான்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 60-லிருந்து 40-க்கு இறங்குகையில் ஹேண்டில் இடவலமாக ஆடுகிறது.

பதில்: ஒன்று, முன் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும், உள்ளங்கையால் தடவினாலே தெரியும். இல்லையென்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்) லூஸ். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக்’ என்றால் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் சொருகுவதுபோல நின்றால் கோன் செட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. பந்துகளை மட்டும் மாற்றுவது வீண், கிண்ணத்தோடு செட்டாக மாற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினாலும் வினைதான்: மெதுவான ஓட்டத்தில் வண்டி நெளிந்து நெளிந்து போகும்.

இந்த ஆட்டத்தைப் பரிசோதிக்கிறேன் என்று சாலையில் இரண்டு கையையும் விட்டு ஓட்டாதீர்கள்.

கேள்வி: புது டயர் போட்டதிலிருந்து குதிப்பதுபோல் இருக்கிறது.

பதில்: ரிம்மை ஒட்டி டயரின் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஓடும். ரிம்முக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 80-க்கு மேல் போனால் பின்பக்கம் அலைகிறது. பின்னால் பெட்டி வைத்திருக்கிறேன்.

பதில்: பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் நின்றுவிட்டால், பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் போனதுதான் காரணம். கனமானதை சீட்டுப் பக்கம் நகர்த்துங்கள். நிற்கவில்லையா? பின் டயரில் காற்று, அடுத்து ஸ்விங் ஆர்ம் புஷ் (அதன் மூட்டில் உள்ள வளையம்) பாருங்கள். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்விங் ஆர்மின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம் கையில் தெரியும். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஓடும்போது அலைச்சல் வந்தால் பிரேக்கைப் பிடித்து அமுக்காதீர்கள். டேங்கை முழங்காலால் அணைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறையுங்கள்.