படலையடியில் நின்றவர்

அன்புள்ள ஐயா,
நான் கிளிநொச்சி, பல்கலைக்கழக இறுதி வருடம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பகுதி மக்களின் சமூக, அரசியல் மனப்பாங்குகளை அளந்த ஆய்வைப் படித்ததிலிருந்து வன்னியிலும் அப்படி ஒன்று செய்ய ஆசை. 200 வீடு போதுமா? கிராம சேவையாளரே கூட வந்து உதவுகிறார். ஆனால் அரசியல் கேள்வி என்றால் சனம் "தெரியாது" என்கிறது. எங்கள் சனத்துக்கு விளக்கம் குறைவோ?

அன்புள்ள பிள்ளைக்கு,

எத்தனை வீடு என்பதை உங்கள் விரிவுரையாளர் சொல்லுவார். நான் எழுதுவது அந்தக் கடைசி வரிக்காக. விளக்கம் குறைவாம்! எந்தத் தாளில் பெயர் இருக்க வேண்டும், எதில் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உயிர் தப்பிய சனம் இது. இனி ஒருதரம் அப்படி எழுதாதீர்கள்.

டெட்ராய்ட்டையும் நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1951இல் தொடங்கிய ஆய்வு அது. 1967 ஜூலை இனக் கலவரத்தில் அந்த நகரில் 43 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம், கறுப்பின மக்களின் வீடுகளுக்குக் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் அனுப்பிக் கேட்டார்கள். எந்த வீட்டுக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானித்தார்கள். வாழ்க்கை வசதி பற்றிய பதில்களில் பெரிய வித்தியாசமில்லை. வெள்ளையரை நம்பலாமா என்பது போன்ற இடங்களில்தான் பதில் மாறியது. கேட்டவர் வெள்ளையர் என்றால் "நம்பலாம்" கூடியது, கறுப்பினத்தவர் என்றால் குறைந்தது.

எனக்கு இது அம்மாவிடமிருந்து தெரியும். 2010, போருக்குப் பின் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து துணுக்காய்ப் பக்கம் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். ஒருவர் படிவத்தோடு வந்தார். படலையடியில் சீருடையோடு இன்னொருவர் நின்றார். பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு குறையும் இல்லை ஐயா" என்றார் அம்மா. இரண்டு கிழமை கழித்துப் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்று சைக்கிளில் தனியே வந்து ஏறக்குறைய அதையே கேட்டது. அம்மா தேத்தண்ணி கொடுத்து, என் தம்பியைப் பற்றிப் பொழுதுபடும்வரை சொன்னார். படிவத்தில் இருந்ததோ ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. எந்தப் பெட்டியிலும் அந்தப் பிள்ளை கோடு போடவில்லை. முதல் படிவத்தில் அம்மா இன்றைக்கும் பயமில்லாதவராகத்தான் இருப்பார்.

ஆகவே முதல் கேள்விக்கு மேலே எழுதுங்கள்: கேட்டது யார், எந்த ஊர், பக்கத்தில் நின்றது யார். "தெரியாது" வேறு, "சொல்ல விருப்பமில்லை" வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி போடுங்கள். சரி, கிராம சேவையாளர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். வீட்டைக் காட்டிவிட்டு அவர் படலையோடு திரும்பட்டும், பிள்ளை.