கண்மாய்க்கு ஏற்ற சிறு படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரி, கண்மாய், பண்ணைக்குட்டை ஆகியவற்றில் மீன் பிடிக்கும் வாசகர்கள் தங்கள் படகைத் திருத்திக்கொள்வது பற்றிக் கேட்டவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 12 அடி நீளமும் மூன்றேகால் அடி அகலமும் உள்ள பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தோம். நின்றுகொண்டு வீச்சு வலை வீசினால் படகு மிகவும் ஆடுகிறது. முன்பக்கம் ஓர் அடி உயரத்தில் பலகை மேடை அடித்தால் வீசுவதற்கு வசதியாக இருக்கும் என்று தச்சர் சொல்கிறார். அடிக்கலாமா ஐயா?

பதில்: மேடை வேண்டாம். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், இப்படி ஒரு மேடையை அடித்தேன். முதல் நாளே என்னுடன் வந்தவர் அதன்மேல் ஏறி வலையை வீசிய வேகத்தில் படகு பக்கவாட்டில் சாய்ந்து அவரைத் தண்ணீரில் தள்ளிவிட்டது. மார்பளவுத் தண்ணீர்தான், ஆனால் முழங்கால் வரை சேறு, மணிக்கட்டில் வலைக்கயிறு, காலைச் சுற்றி வலையின் ஈயக்குண்டுகள். அவருடைய மணிக்கட்டிலிருந்து கயிற்றை நான் அறுத்துவிட்ட பிறகுதான் அவரால் காலை உருவிக்கொள்ள முடிந்தது. கண்மாயில் ஆபத்து ஆழத்தில் மட்டும் இல்லை, சேற்றிலும் இருக்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

உங்கள் படகின் கணக்கைப் பார்ப்போம். தண்ணீரில் படியும் அடிப்பகுதியை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏற்றும் ஒவ்வொரு 30 கிலோவுக்கும் படகு 1 செ.மீ. அமிழும். படகின் எடை 90 கிலோ, இரண்டு பேரின் எடை 140 கிலோ, வலையும் மீனும் 60 கிலோ என்றால் மொத்தம் 290 கிலோ. அதாவது படகு 10 செ.மீ. கூட அமிழாது. எனவே உங்களுக்குள்ள சிக்கல் சுமையின் அளவில் இல்லை, சுமை இருக்கும் உயரத்தில் இருக்கிறது. நிற்கும் மனிதனின் எடை மையம் அவன் இடுப்பளவில் இருப்பதால், இரண்டு பேரும் நிற்கும்போதே படகின் எடை மையம் நன்றாக மேலே போய்விடுகிறது. அந்த இரண்டு பேரையும் இன்னும் ஓர் அடி உயர்த்தினால், மேலே சொன்ன அளவுள்ள படகில், சாய்ந்த படகு தானாக நிமிரும் திறன் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடும்.

கைகொடுப்பது அகலம்தான். அகலத்தால் படகுக்குக் கிடைக்கும் தாங்கும் திறன் அகலத்தின் மூன்றாம் அடுக்கில் (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது. அகலத்தை 20 சதவீதம் கூட்டினால் அந்தத் திறன் சுமார் 1.7 மடங்காகும். இருக்கும் படகை வெட்டி அகலப்படுத்த வேண்டியதில்லை. 160 மி.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்களில் 3 மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகளை வாங்கி, இரு முனைகளையும் மூடி போட்டுப் பசையால் அடைத்து, படகின் இரு பக்கமும் நீளவாட்டில் பொருத்துங்கள். அப்படி ஒரு குழாய் சுமார் 60 லிட்டர் நீரை விலக்கும். குழாயின் எடையைக் கழித்தாலும் சாயும் பக்கத்தில் 50 கிலோவுக்குமேல் தாங்கும் வலிமை கிடைக்கிறது. பொருத்தும் உயரம் மிகவும் முக்கியம். ஆட்களும் வலையும் ஏறிய நிலையில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, குழாயின் அடிப்பக்கம் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்குமாறு பிடிப்புகளை அமையுங்கள். நேராக மிதக்கும்போது குழாய் தண்ணீரைத் தொடாது, ஆகையால் இழுவை கூடாது; படகு சாயத் தொடங்கிய உடனே குழாய் தண்ணீரில் பதிந்து தாங்கிவிடும்.

வீசுகிறவர் நிற்க மேடைக்குப் பதிலாகப் படகின் உட்தரையையே சீராக்குங்கள். வங்குகளின்மேல் (உட்புறக் குறுக்குச் சட்டங்களின்மேல்) 9 அல்லது 12 மி.மீ. கனமுள்ள, ஐ.எஸ். 710 முத்திரை பதித்த மரைன் பிளைவுட்டை வெட்டிப் போட்டு, ஓரங்களை ரெசின் பூசி அடைத்து, ஈரமாக இருக்கும்போதே மேல்பரப்பில் சலித்த ஆற்று மணலைத் தூவிவிட்டால் மீன் வழுவழுப்பிலும் கால் வழுக்காது. பலகையை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துக் கழுவுவதற்கு அது கழன்று வர வேண்டும்.

கேள்வி: கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்கட்டும் என்று இருக்கைப் பலகைக்கு அடியில் தெர்மாகோலை அடுக்கி அதன்மேல் ஃபைபர் பூசினேன். பூசிய சிறிது நேரத்தில் தெர்மாகோல் உருகிக் குழியாகிவிட்டது. ரெசின் கலப்படமா?

பதில்: ரெசின்மேல் குறை சொல்ல முடியாது. படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. தெர்மாகோல் என்பதே அந்த ஸ்டைரீனிலிருந்து செய்யப்பட்ட நுரை என்பதால், தொட்ட இடமெல்லாம் கரைந்துபோகும். பெட்ரோல் சிந்தினாலும் இதேதான் நடக்கும். பாலியூரிதேன் நுரைப்பலகையை இந்த ரெசின் கரைக்காது. குளிர்சாதன அறைகளுக்குச் சுவரில் பதிக்கும் பலகை அதுதான். அந்த வேலை செய்பவர்களிடம் துண்டுகள் கிடைக்கும். அதுவும் வசதிப்படவில்லை என்றால், மூடியை இறுக்கி அடைத்த காலி பிளாஸ்டிக் கேன்களையே வார்கொண்டு கட்டிவையுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே 90 கிலோ படகு நீருக்குள் 30 கிலோ கனமே காட்டும். பேட்டரி, மோட்டார் போன்றவற்றுக்கு 40 கிலோ, படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் இரண்டு பேருக்கு 30 கிலோ சேர்த்தால் 100 லிட்டர் கணக்கு வருகிறது. 150 லிட்டராக வைத்துக்கொள்வது நல்லது. அதை அடிப்பலகைக்குக் கீழே வைக்காமல், இரு பக்க விளிம்புகளை ஒட்டியும் இரு முனைகளிலும் உயரத்தில் வையுங்கள். அடியில் வைத்தால் தண்ணீர் நிரம்பிய படகு அடிப்பக்கம் மேலாகப் புரண்டுவிடும். பக்கங்களில் மேலே வைத்தால்தான் தண்ணீர் நிரம்பினாலும் நிமிர்ந்தே மிதக்கும்.

கேள்வி: எங்கள் ஏரியில் கருவேல மரத்தின் வெட்டிய அடிமுண்டுகள் நிறைய இருக்கின்றன. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. படகின் அடியில் ஏற்கெனவே இரண்டு இடங்களில் கிழிந்துவிட்டது. அடிப்பகுதியை எப்படிப் பலப்படுத்துவது?

பதில்: இது நம் கண்மாய்களுக்கும் ஏரிகளுக்கும் உரிய தொல்லை. நீர்ப்பரப்புகளுக்குள் வளர்த்த கருவேலத்தை ஏலத்தில் வெட்டுகிறவர்கள் தரையோடு வெட்டுவதில்லை. முழங்கால் உயரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். எனவே முதல் வேலையைக் கோடையில் செய்யுங்கள். நீர் வற்றியதும் நடந்து பார்த்து, படகு போய்வரும் தடத்தை மட்டுமாவது முண்டுகள் இல்லாத இடமாகத் தேர்ந்து, இரு பக்கமும் உயரமான மூங்கில் கழிகளை நட்டு அடையாளம் செய்துவிடுங்கள்.

கிழிந்த இடத்தைச் சரிசெய்யும்போது ஓட்டையின்மேல் ஒரு துண்டு மேட்டை (கண்ணாடியிழை விரிப்பை) ஒட்டிவிட்டு நிறுத்திவிடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. கிழிசலைச் சுற்றிலும், படகுச் சுவரின் கனத்தைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும், 5 மி.மீ. கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. நன்றாக உலர்ந்த பின், சிறிய துண்டில் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியதாக, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை மூன்று நான்கு அடுக்கு போட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் உருளையால் காற்றுக் குமிழ்களை அழுத்தி வெளியேற்றுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து நன்றாகக் கிளறிய பிறகுதான் ஹார்ட்னரை ஊற்ற வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே பையில் கொண்டுபோவதையும் தவிருங்கள்.

பிறகு, படகின் அடியில் நீளவாட்டில் மூன்று வரிசையாக இரண்டு அங்குல அகலமுள்ள வேப்பஞ்சட்டங்களைப் பொருத்துங்கள். முண்டில் ஏறினாலும் கரையில் இழுத்தாலும் தேய்வது சட்டமாகத்தான் இருக்கும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கழியால் தள்ளும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் நேராகப் போவதற்கும் இவை ஏராவைப் போல (படகின் அடி நடுவில் நீளவாட்டில் ஓடும் கட்டையைப் போல) உதவும். போல்ட் துளைகளை ரெசினால் அடைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: பேட்டரி மோட்டார் போடலாம் என்று நினைக்கிறேன். 12 அடிப் படகுக்கு எது போதும்? எவ்வளவு நேரம் ஓடும்?

பதில்: மொத்த எடையில் ஒவ்வொரு 50 கிலோவுக்கும் 1 கிலோ உந்துவிசை என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, 300 கிலோவுக்கு 6 கிலோ வேண்டும். இந்த மோட்டார்களை பவுண்டில்தான் அளவிட்டு விற்கிறார்கள் என்பதால், 30 பவுண்டு என்று குறித்த 12 வோல்ட் மோட்டார் இரு மடங்குக்கும் மேலாகவே போதும். இந்த நீளமுள்ள படகு மணிக்கு 7 அல்லது 8 கி.மீ. வேகத்தைத் தாண்டுவது கடினம். அதற்குமேல் விசை கொடுத்தால் அலை எழும்புமே தவிர வேகம் கூடாது. அப்படிப்பட்ட மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் பயன்படுவது 50தான். வேகமாக இழுக்கும்போது பேட்டரி தரும் அளவு இன்னும் குறைவதால், முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம்கூட வராது. 10 ஆம்பியர் இழுக்கும் மெதுவேகத்தில் ஐந்து மணி நேரம் வரும். பேட்டரியின் எடை 25 கிலோவுக்கு மேல் இருக்கும். ஓட்டுகிறவரும் மோட்டாரும் பின்பக்கம் இருப்பதால், கம்பியை நீட்டி பேட்டரியை முன்பக்கம் தரையோடு வைத்துக் கட்டுங்கள். ஆகாயத்தாமரை படர்ந்த நீரில் மோட்டார் உதவாது, அதன் தண்டு விசிறியில் சுற்றிக்கொள்ளும். எனவே மூங்கில் கழி எப்போதும் படகிலேயே இருக்கட்டும்.

அந்தக் கழியை இன்னொரு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் பக்கச் சுவரில் ஓர் அடி நீளமுள்ள இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி, அதன் வழியாகக் கழியைச் சேற்றில் ஊன்றிவிட்டால் படகு அசையாமல் நிற்கும், நங்கூரம் தேவைப்படாது.

கேள்வி: தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை வைத்து எடுக்கும்போது படகிலேயே பல இடங்களில் மாட்டிக் கிழிகிறது. என்ன செய்யலாம்? என் தந்தை, இதற்குப் பரிசலே மேல் என்கிறார்.

பதில்: படகை ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். விரல் எங்கெல்லாம் இடறுகிறதோ அங்கெல்லாம் தங்கூசியும் மாட்டும். போல்ட் தலைகளை உள்ளே பதித்து, பட்டி எனும் அடைப்புப் பசையை வைத்துத் தேயுங்கள்; வெளியே நீட்டும் போல்ட் முனைகளை அறுத்து மூடுங்கள். வலை ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நீளவாட்டில் கீறி, விளிம்பைக் கவ்வுமாறு போட்டு ஒட்டிவிட்டால் வலை வழுக்கிக்கொண்டு வரும். நான் கண்டவரையில், படகில் செய்யும் திருத்தங்களிலேயே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இதுதான்.

உங்கள் தந்தை சொல்வதிலும் பொருள் இருக்கிறது. பவானிசாகர், மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களில் தனி ஆளாகச் சென்று வலை வைத்து எடுப்பவர்கள் இன்றும் பரிசலைத்தான் நம்புகிறார்கள். அதன் விளிம்பில் ஓர் ஆணிகூட வெளியே நீட்டாது, நாலு விரல் தண்ணீரிலும் மிதக்கும், வேலை முடிந்ததும் ஒருவரே தூக்கிக் கவிழ்த்து வைத்துவிடலாம். தனியாக வலை மட்டும் வைப்பவர் என்றால் நீங்கள் பரிசலையே வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆளும் நின்று வீசும் வேலையும் இருந்தால் மட்டும் படகைத் திருத்தச் செலவு செய்யுங்கள்.