குடியிருக்கும் பிளாட்டை விற்பனைப் போட்டோவுக்கு எப்படித் தயார் செய்வது?

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை பிளாட், கிழக்குப் பார்த்த பால்கனி, அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார், விற்பனைத் தளத்தில் போடப் போட்டோ எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ரீசேல் பிளாட்டுகளுக்குப் போட்டோ எடுப்பது என் தொழில். அதை வைத்துச் சொல்கிறேன்.

உடனே பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். முதல் வேலை சாமான்களைக் குறைப்பது. தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பெரிதாகத்தான் அறை கண்ணில் படும். பீரோ மேல் அடுக்கிய சூட்கேஸ்கள், டிவி வந்த அட்டைப்பெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிகள், சுவரில் மூன்று நான்கு காலண்டர், பால்கனிக் கொடி, இவைதான் இடத்தை அடைப்பவை. எங்கே கொண்டு போய் வைப்பது என்று மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு மற்ற அறைகளை எடுத்து முடியுங்கள். அப்புறம் அத்தனையையும் ஹாலுக்கு மாற்றிவிட்டு அந்த அறையை எடுங்கள்.

இதற்கு முன்னால் அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று அவரே சொல்லட்டும். மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர் மூன்றையும் ஒரு தட்டில் வைத்து அவர் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள். இது அவர் வாழும் வீடு. ஒரு போட்டோவுக்காக அவர் தன் பொருளைத் தேடி அலையக்கூடாது. பூஜை அலமாரியை எடுக்கலாமா என்பதும் அவர் முடிவுதான். சரி என்றால் வாடிய பூவை எடுத்துவிட்டு, விளக்கேற்றி, தள்ளி நின்று ஒரு படம் போதும்.

பாத்ரூமுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு, குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். நேரில் அவ்வளவாகத் தெரியாது. லைட் போட்டுப் படம் எடுத்தால் அதுதான் முதலில் தெரியும். துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் விட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மார்பிளில் மட்டும் வினிகர் படக்கூடாது, பாலிஷ் போய்விடும். ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயின் முலாம் உரிந்துவிடும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. சுத்தம் செய்து முடித்ததும் வாளி, மக், பிரஷ் எல்லாம் வெளியே போகட்டும். கம்மோட் மூடியை மூடிவிட்டு எடுங்கள்.

சமையலறையில் சிங்க் காலியாக, மேடை துடைத்ததாக இருந்தால் போதும். அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருந்தால் அந்த மூலை தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

உங்கள் பால்கனி கிழக்கு என்பதால் காலை ஏழு எட்டு மணிக்கு எடுக்காதீர்கள். வெயில் நேராக உள்ளே விழுந்து தரையில் பட்டை பட்டையாகத் தெரியும், ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடும். பத்தரைக்கு மேல் வெளிச்சம் பரவலாக வரும். திரைச்சீலைகளை முழுக்க ஒதுக்குங்கள். ஒரே அறையில் மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் சேர்ந்து எரிந்தால் சுவர் இரண்டு நிறமாகத் தெரியும், ஏதாவது ஒன்றை மட்டும் போடுங்கள். ஃபேன் றெக்கையைத் துடைத்து, நிறுத்திவிட்டு எடுங்கள்.

போன் கேமராவே போதும், லென்ஸை மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் நேராகப் பிடித்து, வாசற்படியில் நின்று எடுங்கள். 0.5 என்று வரும் அகலக் கோணம் சின்ன அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டும். அதை நம்பி வருகிறவர் உள்ளே நுழைந்ததுமே முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

சுவரில் ஓதம் இருந்தால் காலண்டர் மாட்டி மறைப்பது, மேலே பெயின்ட் அடிப்பது, ஆப்பில் அழிப்பது எதுவுமே வேண்டாம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் பெயின்ட் மட்டும் அடித்தால் அடுத்த ஐப்பசி மழையில் அது திரும்ப வரும். சரிசெய்தால் என்ன வேலை நடந்தது என்று விளம்பரத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் கறை தெரியவே படம் போடுங்கள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வாங்க வருபவர்கள் தண்ணீர் எதுவரை வந்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கட்டட வாசல், தெரு, கார் பார்க்கிங் மூன்றும் படத்தில் இருந்தால் பாதிப் பேச்சு அப்போதே முடிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். குடும்பப் போட்டோ, இபி அட்டை, முகவரி எழுதிய கவர், பீரோவில் தொங்கும் சாவி, கிரில் கேட்டின் பூட்டு எதுவும் படத்தில் வரக்கூடாது. அம்மா தனியாக இருப்பதை விளம்பரத்தில் குறிப்பிடாதீர்கள். தொடர்புக்கு உங்கள் நம்பரையே கொடுங்கள். யார் வீடு பார்க்க வந்தாலும் நீங்களோ, உங்களுக்கு நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரோ உடனிருக்கும் நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள்.