பைக் ஆசை காட்டிப் படிக்க வைக்கலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் மகனிடம் 600-க்கு 550 எடுத்தால் பைக் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார், அன்றிலிருந்து விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படிக்கிறான், ஆனால் இயற்பியல் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா, பையன் சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. பைக் கிடைக்க எது போதுமோ அதைச் சரியாகச் செய்கிறான். பாடத்தின் முடிவில் இருக்கும் புக் பேக் கேள்விகளையும் பழைய வினாத்தாள்களையும் மனப்பாடம் செய்தால் 550 வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். பரிசு அவனை அதிக நேரம் உட்கார வைத்திருக்கிறது, ஆனால் படிக்கிற விதத்தையும் மாற்றிவிட்டது.

1984-இல் அமெரிக்காவில் பென்வேர், டெசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவிடம் இதில் தேர்வு வைப்போம் என்றார்கள், இன்னொரு பிரிவிடம் இதை நீங்கள் வேறொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் தேர்வுதான். மனப்பாடக் கேள்விகளில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமம். புரிந்திருந்தால்தான் எழுத முடியும் என்ற கேள்விகளில் சொல்லிக்கொடுப்பதற்காகப் படித்தவர்கள் நன்றாகவே முந்தினார்கள். நீட், ஜேஇஇ எல்லாம் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளை நிறையக் கேட்கிற தேர்வுகள், அதுவும் நீட்டில் ஒரு தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

அதற்காகக் கொடுத்த வாக்கை மாற்றாதீர்கள், அது நம்பிக்கையைக் கெடுக்கும். (18 வயதுக்கு முன் கியர் பைக்குக்கு லைசென்ஸ் கிடையாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.) நீங்கள் காய் நறுக்கும்போது தினமும் கால் மணி நேரம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்று படித்ததை உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள். வளைவில் திரும்பும்போது சைக்கிள் ஓட்டுகிறவர் ஏன் சாய்கிறார் என்பது அவன் பாடத்திலேயே இருக்கிறது, பைக் ஆசை உள்ள பையனுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேண்டுமா? நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். வேகமாகப் போனால் ஏன் இன்னும் அதிகம் சாய வேண்டும் என்று கேளுங்கள், அவன் திணறினால் திட்டாமல் காத்திருங்கள், புத்தகத்தைத் திறந்து தேடட்டும். அந்தத் தேடலில்தான் பாடம் ஏறும். அந்த நேரத்தில் மதிப்பெண் பேச்சும் பக்கத்து வீட்டுப் பையன் பேச்சும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், ஆசையாகப் படம் வரைகிற சின்ன மகளுக்கும் ஒரு பரிசு அறிவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 1973-இல் லெப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் பார்த்தது இதைத்தான்: சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பரிசால் அந்தக் கெடுதல் வரவில்லை. அவள் வரைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது போதும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் கட்-ஆஃப் இருக்கிறது, கல்லூரிப் பெயர்கள் இருக்கின்றன, உங்கள் மகனுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரி கூட இல்லை. அவனிடம் கேட்டு அதை எனக்கு எழுதுங்கள், அவன் குரூப்பை மாற்றலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்டதை அதற்குப் பிறகு பேசலாம்.