வரையத் தெரியாதவர் கலை வரலாறு படிக்கலாமா?

கேள்வி: தருமபுரியில் பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறேன். கலை வரலாற்றில் மேற்படிப்பு படிக்க ஆசை, ஆனால் வரைய வராது. எங்கே படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும்?

வரைய வராவிட்டால் பரவாயில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வர வேண்டும். தீட்டவும் செதுக்கவும் கற்றுத்தருவது பி.எஃப்.ஏ.; அதற்குச் சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கலை வரலாறு வேறு படிப்பு.

டெல்லி ஜே.என்.யூ.வின் கலை அழகியல் புலம், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் புலம், நொய்டாவில் உள்ள இந்திய மரபு நிறுவனம் (பழைய பெயர் தேசிய அருங்காட்சியக நிறுவனம்) ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஜே.என்.யூ.வுக்கு சியூஇடி பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நொய்டாவில் கலை வரலாறு, அருங்காட்சியகவியல், கலைப்பொருள் பாதுகாப்பு என்று தனித்தனித் துறைகள்; பாதுகாப்புத் துறை வேதியியல் போன்ற அறிவியல் பின்னணி உள்ளவர்களுக்குத்தான் தோது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் பாடத்தில் அல்ல, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதில்.

பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வேலையை முடிவு செய்யுங்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் அலுவலர் பதவிகளுக்கான டிஎன்பிஎஸ்சியின் பழைய அறிவிக்கைகளை இறக்கி, கல்வித் தகுதிப் பத்தியை வரி விடாமல் படியுங்கள். அதில் உள்ள பட்டத்தின் பெயரும் உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு படித்திருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடிதான். மாநிலப் பணிதான் இலக்கு என்றால், தமிழ்நாடு தொல்லியல் துறை உதவித்தொகையோடு நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் கலை வரலாற்று எம்.ஏ.வைவிடப் பயன்படும். கற்பித்தல், ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. காட்சிக்கலைத் தாளில் கலை வரலாறு ஒரு விருப்பப் பிரிவு. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். ஏல நிறுவனங்களில் பட்டியல் எழுதும் வேலை மும்பை, டெல்லியில் உண்டு. அதற்கு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 100 ஆண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

நேர்முகத்தில் மதிப்பெண்ணோடு நீங்களே செய்த ஒரு கள வேலையும் கையில் இருந்தால் நல்லது. தருமபுரியில் இருப்பவருக்கு அது வாசலிலேயே கிடக்கிறது: இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்களே, அந்தக் கல்தான். பத்துக் கல்லை ஒழுங்காகப் பதிவு செய்தால் போதும்.

பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தரைக்கு மேல் உயரம், அகலம், கனம் மூன்றையும் செ.மீ.யில் அளக்கவும், அடிப்பகுதி மண்ணுக்குள் இருப்பதால் ‘தரைக்கு மேல்’ என்று குறிக்காவிட்டால் அளவு தப்பு. படத்தில் அளவுகோல் தெரிய வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும். காலை ஏழு மணி வெளிச்சம் நல்லது. இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இடம், வலம், மேல் என மூன்று படம் எடுங்கள். மங்கிய வட்டெழுத்துகூட (பழைய தமிழ் எழுத்து வடிவம்) அப்போது எழுந்து நிற்கும். எழுத்தில் சாக்பீஸ், திருநீறு தேய்க்காதீர்கள்: இல்லாத கோட்டை நாமே உண்டாக்கிவிடுவோம், பிறகு படிப்பவரும் அதையே படிப்பார். எண்ணெய் ஊறிய கல்லில் மைப்படித் தாள் (கல்வெட்டை மை தடவிப் படியெடுக்கும் தாள்) ஒட்டாது. சுரண்டவும் கூடாது, படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து எழுதுவது. முதல் பத்தியில் கதையே வேண்டாம். ‘வீரனின் இடக்கையில் வில், வலக்கையில் வாள், மார்பில் இரண்டு அம்பு, காலருகே கெண்டியும் (மூக்கு வைத்த நீர்ப் பாத்திரம்) சிமிழும்’ என்று கண்ட வரிசையில் வரட்டும். இடம், வலம் என்பது வீரனுடையதா பார்ப்பவருடையதா என்று ஒருமுறை சொல்லிவிட்டு அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். அதிகம் குழம்புவது இங்கேதான். ஆநிரை மீட்பு (கவர்ந்த மாட்டு மந்தையை மீட்பது), வானுலகப் பெண்கள் தூக்கிச் செல்வது போன்ற விளக்கங்கள் இரண்டாம் பத்திக்கு. காலத்தை உருவத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். எழுத்தமைதியும் (எழுத்தின் வடிவம்) அரசனின் ஆட்சியாண்டும் இருந்தால் அவைதான் முதல் சான்று.

எழுதியதைத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கல் ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டதா என்பதை மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் சரிபார்க்காமல் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.