இரண்டு கிரகங்களுக்கு நடுவே: நடுப்புள்ளி பற்றிச் சில கேள்விகள்

ஜாதகத்தில் இரண்டு கிரகங்களுக்குச் சரி நடுவில் விழும் பாகைதான் கிரக நடுப்புள்ளி. அதைப் பற்றி நான் எழுதியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வேலந்தாவளம் செக்போஸ்டுக்குக் கிழக்கே இருப்பவர்கள் தமிழ்ப் பஞ்சாங்கத்தோடு வருகிறார்கள். மேற்கே, கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்கள் மலையாள ஜாதகக் குறிப்பை நீட்டுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில். சிலது ஒரே கேள்வியின் பல வடிவம் என்பதால் ஒன்றாக்கிவிட்டேன்.

சூரியன் மேஷம் 10 பாகை, சந்திரன் கும்பம் 20 பாகை. கூட்டிப் பாதியாக்கினால் கன்னி 15 வருகிறது. மொபைல் ஆப் மீனம் 15 என்கிறது. எது சரி?

ஆப் சொல்வதுதான் சரி, உங்கள் கணக்கிலும் பெரிய பிழை இல்லை. மேஷத்திலிருந்து ராசிக்கு 30 பாகை வீதம் எண்ணினால், மேஷம் 10 என்றால் 10, கும்பம் 20 என்றால் 320. கூட்டினால் 330, பாதி 165, அதாவது கன்னி 15. ஆனால் வட்டத்தில் இரண்டு கிரகங்களுக்கு நடுவே இரண்டு பாதைகள் உண்டு. கும்பத்திலிருந்து மேஷத்துக்கு மீனம் வழியாக 50 பாகைதான். சுற்றிக்கொண்டு போனால் 310. குறுகிய பாதையின் நடுவைத்தான் நடுப்புள்ளி என்கிறோம். இரண்டு ஸ்புடங்களுக்கும் (கிரகம் நிற்கும் பாகைகளுக்கும்) வித்தியாசம் 180-ஐத் தாண்டினால், வந்த விடையோடு 180 சேர்த்துவிடுங்கள். 165 + 180 = 345, மீனம் 15.

இன்னொன்றும் போட்டுப் பாருங்கள். குரு கடகம் 14 பாகை 40 கலை, சுக்கிரன் துலாம் 22 பாகை 10 கலை. முழு வட்டக் கணக்கில் 104.40, 202.10. இங்கே பலர் சறுக்குகிறார்கள்: புள்ளிக்குப் பின்னால் இருப்பது கலை, நூற்றுக்குக் கணக்கு அல்ல, அறுபதுக்குக் கணக்கு. கூட்டினால் 306 பாகை 50 கலை, பாதி 153 பாகை 25 கலை. கன்னி 3 பாகை 25 கலை.

எங்கள் அம்மாவின் மலையாளக் குறிப்பைத் தமிழில் பெயர்த்து எழுதி, சனி-குரு நடுப்புள்ளி போட்டேன். சனி சிம்மத்தில், கேது கும்பத்தில் என்று வருகிறது. ராகுவையே காணோம். கட்டத்தில் 'கு' வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது!

இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்து அல்ல, என்னை நினைத்துத்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே குழியில் விழுந்து, கல்யாணப் பேச்சு ஒன்றைக் கலைக்கப் பார்த்தேன். நல்லவேளை, பெண்ணின் பாட்டிக்கு மலையாளம் தெரிந்திருந்தது.

கேரளக் கட்டத்தில் எழுத்துகளின் பொருளே வேறு. 'ர' ரவி, 'ச' சந்திரன். 'ஸ' சனி அல்ல, சர்ப்பன், அதாவது ராகு. 'சி' என்பது சிகி, கேது. சனிக்கு மந்தன் என்று பெயர் வைத்து 'ம' போடுவார்கள். 'மா' என்றால் சனியின் உபகிரகமான மாந்தி. உங்கள் இரண்டு 'கு'வில் ஒன்று குஜன், செவ்வாய். இன்னொன்று குரு. மலையாளத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து இருப்பதால் அங்கே குழப்பமே இல்லை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

சரிபார்க்க எளிய வழி: 'ஸ'வும் 'சி'யும் நேர் எதிரே, ஏழாம் ராசியில் நிற்க வேண்டும். உங்கள் சிம்மமும் கும்பமும் அப்படித்தான் நிற்கின்றன, ஆகவே அது ராகு-கேது. குருவுக்கு, பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். ஒரு ராசியில் ஏறக்குறைய ஒரு வருஷம் இருப்பவர், மாட்டிக்கொள்வார். கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற, சிங்க மாதத்திலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825-ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1160 மேட மாதம் என்றால் 1985 ஏப்ரல்-மே.

வாக்கியமா, திருக்கணிதமா? சாயனமா, நிராயணமா?

வாக்கியம் பழைய சூத்திரப்படி போடும் பஞ்சாங்கம், திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்தியது. முதல் கேள்விக்குத் தயக்கமே வேண்டாம், திருக்கணிதம். நடுப்புள்ளியிலிருந்து ஒரு கிரகம் ஒன்றரைப் பாகைக்கு மேல் தள்ளியிருந்தால் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாக்கியத்தில் சனியும் குருவும் சில பாகை விலகி நிற்பதுண்டு. சனி 2025 மார்ச் 29-ல் மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி. வாக்கியப்படி அந்தப் பெயர்ச்சி 2026-ல். இவ்வளவு விலகிய ஸ்புடத்தை வைத்துக்கொண்டு கலை வரைக்கும் கணக்குப் போடுவது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. விரதத்துக்கும் கோயில் காரியத்துக்கும் உங்கள் வீட்டில் வாக்கியம் பார்த்தால் பாருங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவது வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. வடசேரி பரமேஸ்வரன் கிரகணங்களைப் பல காலம் கவனித்து 1431-ல் த்ருக்கணிதம் வகுத்தது இதே நிளா நதி, அதாவது பாரதப்புழைக் கரையில்தான். நம் சித்தூர்ப் புழை போய்ச் சேர்கிற ஆறு.

இரண்டாவது கேள்விக்கு எது வைத்தாலும் சரி. சாயன ஸ்புடத்தில் அயனாம்சம் என்ற அளவைக் கழித்தால் நிராயணம். லஹிரி அயனாம்சம் 2000-ம் ஆண்டுத் தொடக்கத்தில் 23 பாகை 51 கலை, இப்போது 24-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு ஜாதகத்தில் எல்லாக் கிரகத்துக்கும் ஒரே அளவுதான் கழிகிறது. நடுப்புள்ளியும் அதே அளவு நகரும். புள்ளிக்கும் கிரகத்துக்கும் உள்ள தூரம் மாறாது, ராசியின் பெயர்தான் மாறும்.

குறிப்பில் 'உதயாதி நாழிகை 12' என்று மட்டும் இருக்கிறது. விநாழிகை இல்லை. லக்னத்தோடு நடுப்புள்ளி போடலாமா?

வேண்டாம். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் ஒரு நாழிகை 24 நிமிஷம், விநாழிகை அதில் அறுபதில் ஒரு பங்கு. லக்னம் சுமாராக 4 நிமிஷத்துக்கு ஒரு பாகை நகரும், ஆக 6 பாகை வரை பிசகலாம். நடுப்புள்ளியில் அதில் பாதி, 3 பாகை. ஒன்றரைப் பாகை எல்லைக்கு இது தாங்காது. சூரிய-சந்திர நடுப்புள்ளியைத் தாராளமாகப் போடுங்கள். சந்திரன் மணிக்கு அரைப் பாகை சொச்சம்தான் போவார். 24 நிமிஷப் பிழையில் அந்தப் புள்ளி சுமாராக ஏழு கலைதான் நகரும்.

ராகு, கேது இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா?

ராகு போதும். கேது 180 பாகை தள்ளி இருப்பதால், கேதுவோடு போடும் நடுப்புள்ளி ராகுவோடு போட்டதற்குச் சரியாக 90 பாகையில் விழும். ராகு-கேது இரண்டுக்கும் நடுப்புள்ளி போடவே போடாதீர்கள், இரண்டு பக்கமும் சமதூரம்.

செவ்வாய்-சனி நடுப்புள்ளியில் என் மகனுக்குச் சந்திரன் நிற்கிறது. அது 'மரண அச்சு' என்று ஒருவர் சொன்னார். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

அம்மா, முதலில் தூங்குங்கள். அந்தப் பெயர் ஜெர்மனியில் பிறந்தது. ஹாம்பர்க்கில் நில அளவையாளராக இருந்த ஆல்ஃபிரட் விட்டே இந்த நடுப்புள்ளி முறையைத் தொடங்கினார், ரைன்ஹோல்ட் எபெர்ட்டின் அதைச் சுருக்கி ஒழுங்காக்கினார். செவ்வாய்-சனிக்கு அந்த வட்டாரத்தில் ஒட்டிய பட்டப்பெயர் அது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவர்கள் முறையில் நடுப்புள்ளியோடு 0, 45, 90, 135, 180 என எந்தக் கோணத்தில் கிரகம் நின்றாலும் எடுப்பார்கள். அதாவது 45 பாகைக்கு ஒரு முறை, முன்னும் பின்னும் ஒன்றரை. 45-ல் 3, பதினைந்தில் ஒரு பங்கு. லக்னம், ராகு உட்பட மீதி ஏழு புள்ளிகளில் ஒன்றாவது அங்கே விழ, தற்செயலாகவே நூற்றுக்கு 38 வாய்ப்பு. பத்துக் குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு இந்த 'அச்சு' உண்டு. அத்தனை பேருக்கும் அப்படியென்றால் ஊரில் பள்ளிக்கூடம் நடக்குமா? முழு ஜாதகத்துக்கும் போட்டால், 36 ஜோடிகளில் சுமார் 17 சேர்க்கைகள் சும்மாவே வரும். எதையாவது பொறுக்கி எடுத்துப் பயமுறுத்துவது ரொம்பச் சுலபம்.

இந்தச் சேர்க்கைக்கு நான் சொல்வதெல்லாம், பிள்ளை மனசுக்குள் அழுத்தி வைத்துக்கொள்பவனாக இருக்கலாம், கொஞ்சம் கேட்டுப் பேசுங்கள் என்பதுதான். ஆயுள் பற்றி நடுப்புள்ளியை வைத்து வாய் திறக்கும் ஜோசியரிடம் மறுபடி போகாதீர்கள்.

அப்படியானால் பலன் எப்படித்தான் சொல்வது?

ராசிக்கட்டம் ஏற்கனவே சொன்னதை நடுப்புள்ளி ஆமோதிக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். மேலே சொன்ன குரு-சுக்கிரன் நடுப்புள்ளி கன்னி 3.25. சனி தனுசு 4-ல் இருந்தால் 90 பாகைக்கு 35 கலைதான் வித்தியாசம். இரண்டு சுபர்களின் நடுவில் மந்தன்: மங்கள காரியம் தாமதமாக, ஆடம்பரமில்லாமல் நடக்கும் என்று படிக்கலாம். ஏழாம் பாவமும் தசையும் அதையே சொன்னால் சொல்வேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.

பொருத்தத்துக்கு, இருவர் ஜாதகத்தையும் நடுப்புள்ளியால் ஒன்றாக்கிப் பார்க்கலாமா?

மேல்நாட்டில் செய்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பையனுக்குச் சூரியன் மேஷம் 5, புதன் மீனம் 20. பெண்ணுக்குச் சூரியன் துலாம் 2, புதன் துலாம் 5. சேர்த்த ஜாதகத்தில் சூரியன் கடகம் 3.30-க்கும், புதன் தனுசு 27.30-க்கும் போய்விடும். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத புதன் 174 பாகை தள்ளி நிற்கிறார்! இதைப் பார்த்து என்ன பலன் சொல்வது? பத்துப் பொருத்தம் பாருங்கள். சம்பந்தம் பாலக்காட்டுப் பக்கம் என்றால் பாபசாம்யமும் (இருவர் ஜாதகத்திலும் பாபக் கிரக தோஷம் சமமா என்ற கணக்கு) கேட்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

திரிஸ்புடமும் நடுப்புள்ளிதானே?

இல்லை. லக்னம், சந்திரன், மாந்தி மூன்று ஸ்புடங்களையும் கூட்டி, 360-ஐத் தாண்டியதைக் கழிப்பதோடு சரி. மூன்றால் வகுக்கக் கூடாது. மாந்தி ஸ்புடமும் ஒரு லக்ன ஸ்புடம்தான். சனிக்கிழமைப் பகல் என்றால் உதயத்திலிருந்து 2 நாழிகை, ஞாயிறு என்றால் 26, பகல் 30 நாழிகையாக இருக்கும்போது. நீங்கள் அனுப்பிய கணக்கில் உதய நேரத்தைக் கோயம்புத்தூருக்குப் போட்டுவிட்டுப் பாலக்காட்டில் பிறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிமிஷம் சொச்சம் மாறும், திருத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள்.