பாட வராது, தைக்க வரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை பாலையூற்றில இருக்கிறன், மூண்டு பிள்ளையள். எங்கட சபையில பாடுறாக்கள், பிரசங்கம் பண்ணுறாக்கள், கீபோட் வாசிக்கிறாக்கள் எண்டு எல்லாருக்கும் ஒரு தாலந்து இருக்கு. நான் வாயைத் திறந்தா சுருதி எங்கயோ போயிரும், மைக்கைப் பிடிச்சா கை நடுங்கும். தெரிஞ்சது தையல் மட்டும்தான். இதை வச்சு ஆண்டவருக்கு நான் என்னத்தச் செய்ய? சும்மா தைச்சுக் குடுத்தா ஊரே வந்து வாசல்ல நிக்கும் எண்டு இவர் வேற ஏசுறார்.

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தத் தாலந்தைப் பாப்பம். பாட்டு பேச்சுக்கே அந்தச் சொல்லைப் பாவிச்சுப் பாவிச்சு நாங்க மறந்துபோனம், மத்தேயு 25இல வாற தாலந்து காசு, நிறுத்துக் குடுக்கிற வெள்ளி. ஒரு தாலந்து எண்டா கிட்டத்தட்ட 6000 தெனாரியம் எண்ட ரோமக் காசு, கூலிக்காரனுக்கு நாளுக்கு ஒரு தெனாரியம் எண்டு கணக்குப் போட்டா சுமார் 20 வருச உழைப்பு. அப்ப அந்தக் கதையில எசமானிட்ட ஒரு தாலந்து வாங்கின வேலைக்காரன் ஒண்டும் இல்லாதவன் இல்ல, பயத்தில அதை மண்ணுக்க தாட்டு வச்சவன். நீங்களும் மெஷினை மூலையில வச்சுக்கொண்டு என்னட்ட ஒண்டுமில்ல எண்டுறீங்க.

அப்போஸ்தலர் 9ஐ எடுத்து வாசிங்க. யோப்பாவில தொற்காள் எண்ட ஒரு சீஷி செத்துப்போயிட்டா, பேதுரு வந்து மேல்வீட்டுக்கு ஏற அங்க நிண்ட விதவையள் அழுதழுது காட்டினது அவ செய்து குடுத்த உடுப்புகளைத்தான். அவ பேசின ஒரு வசனம்கூட பைபிள்ல இல்ல.

எங்கட ஊர்லயும் பழைய ஆக்களக் கேட்டுப் பாருங்க, யூஜின் ஹெபர்ட் பாதர் எண்டா கூடைப்பந்தைத்தான் சொல்லுவாங்க. அமெரிக்காவில இருந்து வந்த யேசுசபைக் குரு, சூசையப்பர் கல்லூரிப் பொடியங்களுக்கு கோச். 1990 ஆகஸ்ட் 15 காணாமப் போனவர்தான். பந்து அவருக்குப் பொழுதுபோக்கு, ஊழியம் வேற எண்டு நான் நினைக்கேல்ல.

உங்கட இவர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, எல்லாருக்கும் சும்மா தைக்காதீங்க. காசு இருக்கிறவங்க தரட்டும், பவுலே கூடாரம் செய்து பிழைச்சவர். ஆனா 1993இல தொடங்கின திட்டத்தில அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு சீருடைத் துணி குடுக்குது, தையக்கூலி ஆர் குடுக்கிறது? சில வீட்டில துணி பையோட அலுமாரியில கிடக்கும், பிள்ளை போன வருசச் சட்டையோட போகும். உங்கட ஒழுங்கையில அப்பிடி ரெண்டு வீடாவது இருக்கும், வகுப்பு ரீச்சரைத் தனியாக் கேட்டா மெதுவாச் சொல்லுவா. சபையில அறிவிக்காதீங்க, போட்டோ கீட்டோ எடுக்காதீங்க, அந்தத் தாய் ஏற்கனவே கூனிக்குறுகி நிப்பா. நூல் காசு மட்டும் தாங்க எண்டு ஒரு சின்னத் தொகை வாங்கினாலும் பிழையில்ல, சிலருக்கு அதுதான் மரியாதையா இருக்கும். பிறகு ஒரு விசயம், சும்மா தைக்கிறம்தானே எண்டு காஜா பிஞ்சு தொங்கிற மாதிரிக் குடுக்காதீங்க, கவுண்கரையில ரெண்டு இஞ்சி உள்ளுக்க மடிச்சு விடுங்க, அடுத்த தை மாசம் பிரிச்சு இறக்கலாம்.

கேள்வி: நான் போட் எஞ்சின் திருத்திறனான், உப்புவெளி. ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடுற நேரம் பாத்து எஞ்சின் நிண்டுட்டுது எண்டு ஆராவது வந்து நிப்பாங்க. என்ன செய்ய?

பதில்: கிணத்துக்க விழுந்த மாட்டை ஓய்வுநாளில தூக்க மாட்டீங்களோ எண்டு லூக்கா 14இல இயேசுவே கேட்டுட்டார். ஆள் கடலுக்க நிண்டா உடன போங்க தம்பி. கரையில இழுத்து வச்ச போட் எண்டா, பூசை முடியுமட்டும் அது ஒரு இடமும் போகாது.